இருபது பல் சக்கரம்

ஜனவரி 11

உப்புவெளியின் மகாராணி சமூகத்திற்கு,

சுற்றுவட்டாரத்துப் பட்டறைகள் பொறாமையில் பாதி இளைத்துப்போகக் காரணமானவனும், துருப்பிடித்த எஞ்சின்கள் தூரத்திலிருந்தே கும்பிடும் கீர்த்தி வாய்ந்தவனும், உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பியுமாகிய உன் மாமா எழுதிக்கொள்வது. போனில் சொல்லியிருக்கலாம். உன் உப்பு ஆலைக் குடியிருப்பில் டவர் கிடைப்பது மாதம் மும்மாரி பெய்கிற கதை. ஆகவே ஜீப்போடு கடிதமும் வருகிறது. உன் தம்பி கட்டெறும்பின் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன். கசங்கி வந்தால் அவனைக் கிள்ளு.

கேட்டபடி உங்கள் ஜீப்புக்குப் பெரிய டயர் நாலும் போட்டாயிற்று. பழையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தபோது, தாய்க்குப் பக்கத்தில் பிள்ளை நிற்கிற மாதிரி இருந்தது. ஜீப் இப்போது நிற்கிற உயரத்துக்கு, உள்ளே ஏறி உட்கார்ந்தால் அடுத்த வாரம் வரப்போகிற மேகம் தெரியும். ஏறுவதற்குள் ஒருவேளைச் சாப்பாடு செரித்துவிடும், அது வேறு விஷயம்.

இனி உன் புருஷர், மௌனசாமியார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பட்டறை கேட்டுக்கு வெளியே விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். உள்ளே வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “பொண்ணு கொடுக்கறோம் சரி, மாப்பிள்ளைக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமான்னு யாராவது பார்த்தீங்களா?” அதற்கு முந்தின வாரம் அவர் என் கேட்டை இடித்தது உண்மை. மண்டபமே சிரித்ததும் உண்மை. அதற்காக மனுஷன் இத்தனை வருஷமா வாயைத் தைத்துக்கொள்வார்?

“சாவி எங்கேன்னு கேளு” என்று கட்டெறும்பிடம் சொல்கிறார். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன்.

“சாவி வண்டியிலேயே இருக்குன்னு சொல்லு” என்று நானும் கட்டெறும்பிடம் சொல்கிறேன்.

“ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் போட்டுக் கொடுங்க” என்று அவன் நடுவில் நின்று சிரிக்கிறான். அங்கே வேலைக்கு வருகிற சந்தோஷம் அவனுக்கு. ஊரில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லிவிட்டான், நாய்கள் உட்பட.

ஒரு சங்கதி மட்டும் பாக்கி. டயர் பெரிதானால் மீட்டர் பொய் சொல்லும். சக்கரம் ஒரு சுற்றுக்கு முன்பைவிட அதிக தூரம் போகிறது. மீட்டருக்கு அந்தச் செய்தி எட்டாது. அது பத்து என்று காட்டும்போது வண்டி பதினொன்று போயிருக்கும். இதற்கு வைத்தியம் உண்டா, செய்தாயிற்றா என்று உன் சாமியார் என்னைக் கேட்கட்டும். நேராக. என் முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை. கேட்டால் சொல்வேன். கேட்காதவரை இந்த வாயிலிருந்து முத்து உதிராது.

சக்கரவர்த்தி மாமா


ஜனவரி 19

அன்புள்ள மாமா,

ஜீப்பும் தம்பியும் கடிதமும் வந்து சேர்ந்தன. கடிதம் கசங்கியிருந்தது, கிள்ளிவிட்டேன். ஜீப்பில் ஏற எனக்கு ஒரு முக்காலி தேவைப்படுகிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து டயரோடு உயரம் பார்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டு பேரும் சேர்ந்தே வேலைக்குப் போகிறார்கள். உப்புவெளியின் அந்தக் கோடியில் இருக்கிற பம்ப் நிலையத்துக்குச் சாமானும் ஆட்களும் கொண்டுபோகிற வேலை. இவர் ஓட்டுகிறார், தம்பி ஏற்றி இறக்குகிறான். வீட்டில் பேசவே பேசாத மனுஷர் அவனோடு மட்டும் பேசுகிறார். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

மீட்டரைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சொன்னேன். “உங்க மாமாகிட்ட போய்க் கேக்கணும்னு ஒண்ணும் இல்லை. பத்துக்குப் பதினொண்ணு. அந்தக் கணக்கு எனக்கும் வரும்” என்றார். இப்போது தம்பிக்கு அதில் பாடம் நடக்கிறது. “மீட்டர் இருபதுன்னா?” “இருபத்திரெண்டு அத்தான்.” “முப்பதுன்னா?” சாப்பிடும்போதும் இதே.

மாமா, நீங்கள் பெரியவர். ஒரு படி இறங்கி வந்தால் என்ன குறைந்துவிடும்? அவரிடமும் இதையே சொன்னேன். அவர் மாடிக்குப் போய்விட்டார். உங்கள் இருவருக்கும் நடுவில் தூது போய் எனக்கு அலுத்துவிட்டது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


ஜனவரி 28

கணக்குப் புலவரின் பத்தினிக்கு,

கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பட்டறைக் கூரைத் தகரம் இரண்டு கழன்றுவிட்டது. உன் அம்மா சமையலை விட்டுவிட்டு ஓடிவந்து, “என்னடா, யாருக்கு என்ன ஆச்சு?” என்கிறாள்.

கணக்குப் போடுகிறாரா? போடட்டும். பெருக்கட்டும், வகுக்கட்டும், கட்டெறும்புக்கும் சொல்லிக்கொடுத்து வம்சாவளியாக வளர்க்கட்டும். ஒரு நாள், நான் சொல்கிறேன் பார், அதே விளக்குக் கம்பம் என் கேட்டுக்கு உள்ளே நடந்து வரும். “மாமா, அந்த மீட்டரை நீங்க...” என்று ஆரம்பிக்கும். மூன்று வருஷத்து விரதம் அன்றைக்கு முறியும். ஏன், எப்படி என்று இப்போது கேட்காதே. ஒரு சின்ன வேடிக்கை செய்து வைத்திருக்கிறேன். யாருக்கும் ஒரு கீறல் விழாது. மிஞ்சிப்போனால், வேகமாகப் போவதாக நினைத்துக்கொண்டு அவர் ஆமை மாதிரி ஊர்வார். மெதுவாகப் போய்ச் செத்தவன் எந்த தேசத்திலும் கிடையாது.

இதை அவரிடம் சொன்னாயோ, அடுத்த முறை நீ வரும்போது காபி கிடையாது.

சக்கரவர்த்தி


மார்ச் 3

மருமகளே,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். டவர் கிடைக்கிற நேரத்தில்தான் அடிக்கிறேன், மணி போகிறது, எனக்குத் தெரியும்.

தம்பியின் உடலைக் கொண்டுவந்தாய், காரியம் முடிந்தது, உடனே ஆஸ்பத்திரியில் கிடக்கிற அந்த மனுஷரிடம் திரும்பிப் போய்விட்டாய். உன் அம்மா வாசலில் நின்று பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெற்ற பையன் அந்த உப்பில் தனியாக நடந்து நடந்து செத்திருக்கிறான். மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். அவனுடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்க என்னை விட்டார்கள், அவளை விடவில்லை. விடாதது நல்லது.

உங்கள் கம்பெனி ஆள் வந்து சொன்னான்: டிரைவர் தூக்கக் கலக்கத்தில் பாதை மாறி வண்டியைச் சேற்றில் இறக்கிவிட்டார் என்று. என் அக்கா போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாள். நானும் கூடப் போனேன். அந்த மனுஷருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, என் கேட்டையே இடித்தவர் என்று வாக்குமூலம் கொடுத்தேன். மைக்கில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்களே. எழுதிக்கொண்ட போலீஸ்காரர் சிரிக்கவில்லை.

அந்த வெளியில் இருக்கிற உப்பு முழுவதையும் மூட்டை கட்டி அவர் முதுகில் ஏற்றி, ஏழு கடலையும் நடந்தே தாண்டச் சொன்னாலும் எனக்கு ஆறாது. நீ அவர் பக்கம் இருக்கிறாய். இரு. ஆனால் உன் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணு.

மாமா


மார்ச் 10

மாமா,

போனில் வேண்டாம். போனில் பேசினால் என்னை எப்படியாவது சிரிக்க வைத்துவிடுவீர்கள், அல்லது அழ வைப்பீர்கள். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். ஆலையைத் தாண்டினால் சாலை கிடையாது. கடைசிக் கல்தூணிலிருந்து நேராக நாற்பத்து நாலு கிலோமீட்டர் போய், வலது பக்கம் திரும்ப வேண்டும். அங்கேதான் தரை கெட்டி. திரும்பி நேராகப் பத்து கிலோமீட்டர் போனால் பம்ப் நிலையம். வானம் தெளிவாக இருந்தால் யாரும் மீட்டரைப் பார்ப்பதில்லை; வழிநெடுக நட்டு வைத்த பீப்பாய்கள் தெரியும், அதைப் பார்த்துத் திரும்புவார்கள். புழுதிக் காற்று வந்துவிட்டால் பானெட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அப்போது மீட்டர்தான் கண். ஜீப் வந்த பிறகு புழுதி அடித்த முதல் நாள் அது.

மீட்டர் நாற்பது காட்டியபோது இவர் திரும்பினார். பத்துக்குப் பதினொன்று, நாற்பதுக்கு நாற்பத்து நாலு. தம்பிதான் சத்தமாகக் கணக்குச் சொன்னானாம்.

தரை மேலே வெள்ளையாகப் பலகை மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் தாங்கியது. பிறகு உப்பு உடைந்து ஜீப்பின் முன்பக்கம் சேற்றில் இறங்கிவிட்டது. ஸ்டியரிங் இடித்து இவருக்குத் தோள்பட்டை எலும்பு போய்விட்டது. வயர்லெஸ்ஸில் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. தம்பி, “நான் போய் ஆளைக் கூட்டிட்டு வர்றேன் அத்தான்” என்றிருக்கிறான். இவர், “மூக்குக்கு நேரா போ. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயாதே. நேரா போனா பம்ப் நிலையம்தான்” என்று சொல்லி, இருந்த தண்ணீரில் பெரும்பகுதியைக் கொடுத்து அனுப்பினார்.

அவன் சொன்னபடி நேராகத்தான் போயிருக்கிறான். பம்ப் நிலையத்தைத் தாண்டியும் நேராக நடந்திருக்கிறான். அவனுக்கு நாலு கிலோமீட்டர் பக்கவாட்டில் அது இருந்தது. புழுதியில் தெரியவில்லை.

இவர் யாரிடமும் எதுவும் மறுக்கவில்லை. “கணக்கு எங்கயோ தப்பிடுச்சு” என்கிறார். ஏப்ரல் ஆறாம் தேதி கோர்ட். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாக வக்கீலிடம் சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்டால் ஜெயில்தான் என்று வக்கீல் என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஜீப்பை இழுத்துவந்து ஆலை முற்றத்தில் போட்டிருக்கிறார்கள். முன்பக்கம் நசுங்கியிருக்கிறது, ஆனால் ஓடுகிறது. நேற்று நான் அதை எடுத்துக்கொண்டு தார்ச்சாலைக்குப் போனேன். அங்கே கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறது. பத்துக் கல் போனேன். மீட்டரும் பத்து. திரும்பி வந்தேன். மறுபடியும் பத்து.

மீட்டர் பொய் சொல்லவில்லை மாமா. நாற்பது என்று காட்டியபோது நாற்பதுதான்.

நீங்கள் அதை என்ன செய்தீர்கள்?


மார்ச் 15

அன்பு மருமகளுக்கு,

தார்ச்சாலைக் கற்களை நட்டவர்கள் என்னைவிடப் பெரிய புளுகர்கள் என்று எழுத ஆரம்பித்தேன். கிழித்தேன். சேற்றில் விழுந்த மீட்டர் குடிகாரன் மாதிரி எதையாவது உளறும் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். இது மூன்றாவது தாள்.

கியர்பாக்ஸ் பக்கவாட்டில், மீட்டர் கேபிள் உள்ளே நுழைகிற இடத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் சக்கரம் இருக்கும். உங்கள் ஜீப்பில் அதற்கு இருபத்திரண்டு பல். அதை எடுத்துவிட்டு இருபது பல் போட்டேன். பல் குறைந்தால் கேபிள் வேகமாகச் சுற்றும். பெரிய டயருக்கு மீட்டர் சரியாகிவிடும். அவ்வளவுதான் வைத்தியம். டயர் மாட்டிய அன்றைக்கே செய்துவிட்டேன். அவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

சொல்லாமல் விட்டேன். ஒரு நாள் கண்டுபிடிப்பார், இது என் வேலை என்று தெரியும், திட்டவாவது வருவார், பேச்சு ஆரம்பித்துவிடும் என்று நினைத்தேன். அவர் கணக்குப் போடுகிறார் என்று நீ எழுதியபோது எனக்கு அது இனித்தது. நான் வேகத்தைத்தான் நினைத்தேன். என் ஊரில் மீட்டரை வேகத்துக்குத்தான் பார்ப்பார்கள். அதை வைத்து வழி திரும்புகிற ஊர் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு யோசனை சொல்கிறேன். சக்கரம் விற்ற கடைக்காரன் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டான், எனக்கே தெரியாது என்று கோர்ட்டில் சொல்லிவிடுகிறேன். உன் புருஷரும் தப்பிப்பார், என் அக்காவும் என்னை... நீ யோசித்துச் சொல்.

மாமா


மார்ச் 20

மாமா,

கடைக்காரருக்கு இதில் என்ன சம்பந்தம்? அவருக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

ஆறாம் தேதி வாருங்கள். எனக்கு எழுதியதை அங்கே சொல்லுங்கள். நீங்கள் வராவிட்டால் இவர் வாயைத் திறந்து, “நான்தான்” என்று ஒரே வார்த்தை சொல்வார், முடிந்துவிடும். நான் இவரிடம் சொல்லிப் பார்த்தேன். “வண்டி ஓட்டினது நான். உங்க மாமா பின்னாலே ஒளியறதுக்கு நான் தயாரா இல்லை” என்கிறார்.

அதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலைமையில் அவளை வைக்காதீர்கள். நான் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் இருக்கிறாள், உங்கள் கையால் வாங்கிச் சாப்பிடுகிறாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.


மார்ச் 31

மருமகளே,

பத்து நாளாக நான் நடத்திய ஒத்திகைகளை வைத்து ஒரு நாடகக் கம்பெனி ஆரம்பிக்கலாம். பட்டறையில் ஒரு எஞ்சினைத் தூக்கி நிறுத்தி, அதை அக்காவாகப் பாவித்துப் பேசிப் பார்த்தேன். எஞ்சின் கண்கலங்கியது. அக்கா முன்னால் போய் நின்றால், காபி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

நேற்றுச் சொல்லிவிட்டேன். கட்டெறும்பின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தினம் எடுத்து, தினம் மடிக்கிறாள். சக்கரம், பல், கேபிள் என்று ஆரம்பித்தேன். “எனக்கு எதுக்குடா மெக்கானிக் வேலை சொல்லித் தர்றே?” என்றாள். அப்புறம்தான் நேராகச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே மடித்தாள். கையில் இருந்த சட்டையைப் பாதியில் நிறுத்தவில்லை. காலர் படிய மடித்து, மேலே வைத்து, தட்டிவிட்டு, அதற்குப் பிறகு கேட்டாள்:

“அப்ப நான் யார் மேலடா புகார் கொடுத்தேன்?”

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. பிறந்தபோதே அழுவதற்குப் பதிலாக மருத்துவச்சியிடம் எதிர்க்கேள்வி கேட்டவன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தவன். மடித்த சட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன்.

ராத்திரி அவள் சாப்பிடவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் பையில் துணி கட்டி வைத்திருக்கிறாள். “எப்ப கோர்ட்டு?” என்றாள். “ஆறாம் தேதி” என்றேன். “நான் முன்னாடியே போறேன். நீ தனியா வா” என்றாள். சட்டைகளையும் எடுத்துக்கொண்டாள். பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் உன் வாசலுக்கு வந்து சேர்ந்திருப்பாள். கூடவே வைத்துக்கொள். நான் ஆறாம் தேதி நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிடுகிறேன்.

மாமா


ஏப்ரல் 14

மாமா,

சாட்சி சொல்லி இறங்கியதும் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

“மீட்டரைச் சரிசெய்ததை ஏன் அவரிடம் சொல்லவில்லை?” என்று நீதிபதி கேட்டபோது, நீங்கள், “அவர் கேக்கலைங்க” என்றீர்கள். பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிக்க வைக்க நீங்கள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நீங்கள் எதைச் சொன்னாலும் அப்படித்தான் காதில் விழுகிறது, அதுவும் எனக்குத் தெரியும். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். இவர் திரும்பிச் சிரித்த ஆளைத் தேடினார்.

சாயங்காலம் இவரை விடுவித்துவிட்டார்கள். மீட்டர் மாற்றியது தெரியாத நிலையில் யாராக இருந்தாலும் அங்கேதான் திரும்பியிருப்பார்கள் என்று சொன்னார் நீதிபதி. உங்கள் மேல் தனியாக வழக்குப் போடுவதா என்று போலீஸ் யோசித்துக்கொண்டிருக்கிறதாம். வக்கீலுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் அம்மா இவர் முன்னால் போய் நின்றாள். “பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். இவர் சொன்னார். இங்கேதான் இருக்கிறாள். இவருக்குத் தோள் இன்னும் சரியாகவில்லை, சோற்றைப் பிசைந்து தட்டில் வைக்கிறாள். தம்பியின் சட்டை ஒன்றை இவருக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்தாள். இவர் வாங்கி வைத்திருக்கிறார், போடவில்லை. வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

ஜெயில் இல்லை என்று ஆனதும் கொஞ்சம் மூச்சு விடுவார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. “நேரா போன்னு சொன்னது நான்தானே, மீட்டர் இல்லையே” என்கிறார். ஆலையில் வண்டி எடுக்கக் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டார். மூட்டை தைக்கிற இடத்தில் உட்காருகிறார். ஒரு கையால் என்ன தைக்க முடியும்?

ஒரே ஒரு கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சாப்பிடும்போது, படுக்கும்போது, நடுவில் எழுந்து உட்கார்ந்துகொண்டு: “அன்னிக்கு கேட்டுக்கு உள்ளே போய் நான் கேட்டிருந்தா, அவர் சொல்லியிருப்பாரா?”

சொல்லியிருப்பார், உடனே சொல்லியிருப்பார் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால் பழி இவர் பக்கம் போய்விடுகிறது என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து இன்னும் மோசமாகிவிட்டார். கேட்காமல் விட்டது தான்தான் என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் நீங்களே எழுதுங்கள். இவர் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? சமாதானம் சொல்ல வேண்டாம். வேடிக்கை வேண்டாம். உள்ளதை எழுதுங்கள், அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.


ஏப்ரல் 22

மருமகளே,

இதை அவருக்குப் படித்துக் காட்டு.

மாப்பிள்ளை, நீங்கள் கேட்டிருந்தால் நான் உடனே சொல்லியிருக்க மாட்டேன். முதலில் பட்டறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டிருப்பேன். பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டிருப்பேன். மௌனசாமி வாய் திறந்துவிட்டது, வந்து பாருங்கள் என்றிருப்பேன். நீங்கள் கேட்ட கேள்வியை உங்கள் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டியிருப்பேன். ரிவர்ஸ் கதையை மறுபடி எடுத்திருப்பேன். அவர்கள் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, கடைசியாக, மீட்டர் சரியாக இருக்கிறது, கணக்குப் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

அதுவரைக்கும் நீங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தால்.